131-க்கு 84: அப்பாவையும் என்னையும் எதிரெதிர் அணியில் நிறுத்திய அமெரிக்க வாக்கெடுப்பு

அமெரிக்காவில் பகல் என்றால் நமக்கு இரவு. அதனால் அமெரிக்க அரசியல் செய்திகள் பெரும்பாலும் டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களின் தலையில்தான் விழும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வந்த முதல் சிக்கல், ஒரு வார்த்தை.

ஜனநாயகக் கட்சிக்குள் இரண்டு அணிகள். ஒன்று, 'மாடரேட்ஸ்'. அது சுலபம், 'மிதவாதிகள்' என்று எழுதிவிடலாம். இன்னொன்று, 'புரோகிரஸிவ்ஸ்'. நம் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் மிதவாதிகளுக்கு எதிரே நின்றவர்கள் 'தீவிரவாதிகள்'. 1907-ல் சூரத்தில் காங்கிரஸ் உடைந்தபோது திலகர், வ.உ.சி., பாரதி எல்லாம் அந்த அணிதான். அங்கேயும் மோதல் வெடித்தது, மாநாட்டுக்கு யார் தலைவர் என்பதில்தான். ஆனால், இன்று அந்த வார்த்தையைத் தலைப்பில் போட முடியுமா? 'முற்போக்காளர்கள்' என்று எழுதினோம். அதிலும் ஒரு சங்கடம். எதிரில் நிற்பவர் பிற்போக்குவாதி என்று தானாகவே அர்த்தம் வந்துவிடுகிறது.

எல்லோருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு தர வேண்டும், பருவநிலை மாற்றத்துக்குப் பெரிய செலவில் பெரிய திட்டம் வேண்டும் என்பவர்கள் முற்போக்காளர்கள். 'எதிர்க்கட்சி பலமாக உள்ள தொகுதியில் அதைச் சொல்லி நான் எப்படி ஜெயிப்பது?' என்று கேட்பவர்கள் மிதவாதிகள். கொள்கைச் சண்டை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய செய்திகளைத் தோண்டத் தோண்டத்தான் வேறொன்று தெரிந்தது.

பெலோசியை எதிர்த்தது யார்?

2018 நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியது. அங்கே சபாநாயகர் என்பவர் நம் ஊர் சபாநாயகர் போல நடுநிலையாக மேலே உட்கார்ந்திருப்பவர் இல்லை. பெரும்பான்மைக் கட்சியின் தலைவரே அவர்தான். அந்த நாற்காலிக்கு நான்சி பெலோசி மீண்டும் வர விரும்பினார். அப்போது அவருக்கு வயது 78.

அதே தேர்தலில் 29 வயதில் ஜெயித்து வந்தவர் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ். பதவி ஏற்பதற்கு முன்பே, பருவநிலை மாற்றத்துக்காக பெலோசியின் அலுவலகத்தில் தர்ணா நடத்திய இளைஞர்களோடு போய் நின்றவர். அப்படியென்றால் பெலோசிக்கு எதிராகக் கிளம்பியது முற்போக்காளர்கள்தானே?

இல்லை. 'பெலோசிக்கு வாக்களிக்க மாட்டோம்' என்று கடிதத்தில் கையெழுத்துப் போட்ட 16 பேரில் பெரும்பாலோர் மிதவாதிகள். பெலோசியைக் காப்பாற்றியதில் முற்போக்காளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால், முற்போக்கு எம்.பி-க்கள் குழுவின் சார்பில் பெலோசியைப் போய்ப் பார்த்தார். முக்கியமான நிலைக்குழுக்களில் தங்கள் ஆட்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்டார். உறுதி கிடைத்ததும் ஆதரவு தந்தார். ஒகாசியோ-கோர்டெஸும் பெலோசிக்குத்தான் வாக்களித்தார்.

கலகம் செய்தவர்களும் வெறுங்கையோடு திரும்பவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் தலைமையில் நீடிக்க மாட்டேன் என்ற வாக்குறுதியை வாங்கிக்கொண்டார்கள். 2019 ஜனவரி 3 அன்று 220 வாக்குகளுடன் பெலோசி சபாநாயகர் ஆனார். எதிர்த்தவர்களிடம் கோபம் இருந்தது. பெலோசிக்குப் பதிலாக நிறுத்த ஒரு பெயர் இல்லை. 2022 நவம்பரில் பெலோசி தலைமையிலிருந்து விலக, ஹக்கீம் ஜெஃப்ரிஸ் போட்டியின்றி அந்த இடத்துக்கு வந்தார்.

அப்பா எந்த அணி?

இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் ஆர்வமாகக் கேட்பவர் அப்பா. எங்கள் ஊரில் ஒரு கட்சியில் இருபத்தெட்டு வருடங்களாக இருக்கிறார். சுவரில் சின்னம் வரைந்திருக்கிறார், பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்திருக்கிறார், கூட்டத்துக்கு வேன் பிடித்து ஆள் ஏற்றியிருக்கிறார். வார்டு கவுன்சிலர் சீட் மூன்று முறை வேறு ஆட்களுக்குப் போனது.

2024 டிசம்பர் 17 அன்று வந்த செய்தியில்தான் நாங்கள் இருவரும் முட்டிக்கொண்டோம். அரசின் தவறுகளை விசாரிக்கும் கண்காணிப்புக் குழு என்று ஒன்று அங்கே உண்டு. அதில் ஜனநாயகக் கட்சியின் முதன்மை உறுப்பினர் யார் என்று கட்சி எம்.பி-க்களுக்குள் வாக்கெடுப்பு. ஒரு பக்கம் 35 வயது ஒகாசியோ-கோர்டெஸ். மறு பக்கம் 74 வயது ஜெர்ரி கானலி. தனக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் இருப்பதை கானலி சில வாரங்களுக்கு முன்புதான் அறிவித்திருந்தார். முடிவு: கானலி 131, ஒகாசியோ-கோர்டெஸ் 84. கானலிக்காக பெலோசியே ஆதரவு திரட்டினார் என்று செய்திகள் வந்தன. ஆறு வருடங்களுக்கு முன்பு யார் வாக்கு யாருக்குக் கைகொடுத்தது என்று நினைத்துப் பாருங்கள்.

"அநியாயம்பா" என்றேன்.

"என்னம்மா அநியாயம்? அந்த மனுஷன் அந்தக் கமிட்டியிலயே எத்தனை வருஷமா உக்காந்து வேலை பார்த்திருப்பாரு? நேத்து வந்த புள்ள கேமராவுக்கு நல்லாப் பேசுதுன்னு தூக்கிக் குடுத்துடணுமா? உழைச்சவன் வாசல்லயே நிக்கணுமா?"

அவர் கானலியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் அன்று பதில் சொல்லவில்லை.

ஒரு வாக்கு வித்தியாசம்

2025 மார்ச்சில் சில்வெஸ்டர் டர்னர், ராவுல் கிரிஹால்வா என்று இரண்டு ஜனநாயகக் கட்சி எம்.பி-க்கள் இறந்தார்கள். மே 21 அன்று கானலியும் இறந்துபோனார். மறுநாள் அதிகாலை, டிரம்ப்பின் பெரிய வரி-செலவு மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஆதரவு 215, எதிர்ப்பு 214.

அந்த மூவரும் இருந்திருந்தால் மசோதா தோற்றிருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பும் அதற்கேற்ப வேறு கணக்குப் போட்டிருக்கும். ஆனால், அந்த எண்களை டைப் செய்தபோது எனக்குக் கை நின்றது. மருத்துவ உதவித் திட்டத்தில் ஏழைகளுக்கான நிதியை வெட்டும் மசோதா அது. வரிசையில் நின்றவருக்கு மரியாதை செய்வது நல்ல பண்புதான். அந்த மரியாதைக்கான விலையைச் சில நேரம் கட்சிக்கு வெளியே இருப்பவர்கள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதை மிதவாதிகளின் தவறு என்று மட்டும் எழுதிவிடவும் முடியாது. இறந்தவர்களில் கிரிஹால்வா முற்போக்கு அணியின் மூத்த தலைவர்களில் ஒருவர். நாற்காலியை விட மனம் வராதது ஓர் அணியின் குணம் மட்டுமல்ல.

ஜூன் மாதம் அந்தப் பொறுப்புக்கு மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. ஒகாசியோ-கோர்டெஸ் போட்டியிடவில்லை. இரண்டாவது முறை எம்.பி-யான 47 வயது ராபர்ட் கார்சியா, 150-க்கு 63 என்று ஜெயித்தார்.

"நான் கேக்கலைன்னா நினைச்சே?"

இந்தச் சமயத்தில் எனக்கும் ஒரு வரிசைப் பிரச்னை. மூன்று வருடங்களாக டெஸ்க்கிலேயே இருக்கிறேன்; களத்துக்குப் போய்ச் செய்தி எடுக்க ஆசை. வீட்டில் புலம்பினேன். அப்பா சொன்னார்: "போய்க் கேளும்மா. கேக்காம எவன் தருவான்? சீனியர் சீனியர்னு பார்த்துட்டே இருந்தா உனக்கு வயசாயிடும்."

பிடித்துக்கொண்டேன். "கட்சியில மட்டும் உழைச்சவன்தான் முதல்ல; ஆபீஸ்ல நான் முந்திக்கணுமா?"

அவர் சிரிக்கவில்லை. "நான் கேக்கலைன்னா நினைச்சே? மூணு தடவையும் கேட்டேன். எனக்காகப் போய்ச் சொல்ல நாலு பேர் இல்ல. ஜெயிச்சவன் பின்னாடி ஊரே நின்னுச்சு. உழைப்பு வேற, எண்ணிக்கை வேறம்மா. அத நான் லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்."

பிரமிளா ஜெயபால் 2018-ல் செய்தது என்ன என்று எனக்கு முழுதாகப் புரிந்தது அன்றைக்குத்தான். அவர் கோபத்தோடு போகவில்லை, எண்ணிக்கையோடு போனார். அந்த 84 பேரும் வீணில்லை என்று நினைக்கிறேன். அடுத்த முறை மூப்பு வரிசையைத் தாண்டி ஒருவர் வர முடிந்ததற்கு அந்த வாக்குகளும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஒரே இரவில் இரண்டு பாடம்

2025 நவம்பர் 4 தேர்தலில் நியூயார்க் மேயராக 34 வயது ஸோரான் மம்தானி ஜெயித்தார். 'பார்த்தீர்களா, எங்கள் பாதைதான் சரி' என்றார்கள் முற்போக்காளர்கள். அதே நாளில் விர்ஜீனியாவில் அபிகெய்ல் ஸ்பான்பெர்கரும், நியூஜெர்ஸியில் மிக்கி ஷெரிலும் கவர்னர் தேர்தலில் ஜெயித்தார்கள். 'பார்த்தீர்களா' என்றார்கள் மிதவாதிகள். இந்த இருவரும் 2019-ல் பெலோசிக்கு வாக்களிக்காதவர்கள். தலைவரை எதிர்த்த மிதவாதிகளும், தலைவரோடு பேரம் பேசிய முற்போக்காளர்களும் அவரவர் ஊரில் வளர்ந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கும் தலைமை எது என்பதுதான் அந்தக் கட்சியின் கேள்வி. பிரதிநிதிகள் சபைக்கு அடுத்த தேர்தல் 2026 நவம்பரில்.

எந்த நாட்டிலும் எந்தக் கட்சியிலும் 'தலைமைக்கு எதிராகப் போர்க்கொடி' என்று செய்தி வந்தால், இப்போதெல்லாம் நான் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். கொடி பிடிப்பவர்கள் எத்தனை பேர்? பதிலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் என்ன? நீங்களும் கேட்டுப் பாருங்கள். பாதிச் செய்திகளில் இரண்டுக்கும் விடை இருக்காது.

ஆபீஸில் நான் தனியாகப் போய்க் கேட்கவில்லை. டெஸ்க்கில் மூன்று பேர் சேர்ந்து, மாதத்தில் ஒரு வாரம் ஒருவர் மாற்றி ஒருவர் களத்துக்குப் போகிறோம், மற்ற இருவரும் அந்த ஷிஃப்ட்டைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அப்பா தினமும் போனில் கேட்கிறார்.