பதினேழாம் தேதிச் சங்கீதம்

சித்திரை வெயிலில் வற்றல் போட்டு எடுத்துவைக்காதவள் ஐப்பசி அடைமழையில் என்ன செய்வாள்? துன்ப காலத்துக்கு மனத்தைத் தயார் செய்துகொள்வதும் இந்த வகைதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எதை எடுத்துவைப்பது என்பதில்தான் எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் அபிப்பிராய பேதம்.

வருஷம் பிறந்ததும் வாக்குத்தத்த வசனம் ஒன்றை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்கிறோம். எல்லாம் தித்திப்பானவை. ஆண்டவரோடு வழக்காடுகிற வசனம் எதையும் அச்சிட்டு நான் பார்த்ததில்லை.

என் தாயாரின் வழி வேறு. ஆங்கிலத் திருச்சபை 1549-இல் வெளியிட்ட பொது ஜெபப் புத்தகம், 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்குக் காலை மாலை என்று பங்கிட்டு வைத்தது. மிஷனரிமாரோடு அது திருநெல்வேலிக்கும் வந்தது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டாகி வழிபாட்டு முறைகள் மாறின. எங்கள் பாட்டனார் அந்தப் பங்கீட்டை மட்டும் விடவில்லை. அவர் மகளான அம்மாவும் விடவில்லை. காபிக்கு முன்னால் அன்றைய தேதிக்குரியதை வாசித்தாக வேண்டும். எங்கள் மனநிலையை அவள் விசாரிப்பதில்லை.

17-ஆம் தேதி காலைப் பங்கில் 88-ஆம் சங்கீதம் வரும். துயரச் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியவனின் முறையீடு, இருட்டிலேயே முடிகிறது. என் அக்காளின் கலியாணம் ஒரு 17-ஆம் தேதி. பந்தலில் வாழை கட்டியாகிவிட்டது. உள்ளே அம்மா இதை வாசித்துக்கொண்டிருக்கிறாள். அத்தைக்குப் பொறுக்கவில்லை.

“என்ன மதினி, நல்ல நாளும் அதுவுமா இதையா வாசிக்கிறது? வேற சங்கீதமே கிடைக்கலையா?”

“இன்னைக்குத் தேதி பதினேழு” என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

இது கிழவிகளின் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஜெர்மானியரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹிட்லருக்குப் பணிய மறுத்த சபையினருக்காக, டீட்ரிஷ் போன்ஹோஃபர் 1935-இல் ஃபின்கன்வால்டே என்ற ஊரில், போதகராகப் போகும் இளைஞர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். தினமும் சங்கீதம், அதோடு ஒரே வேதபகுதியை வாரம் முழுவதும், நாளுக்கு அரைமணி நேரம் மௌனமாகத் தியானிக்க வேண்டும். மாணவர்கள் சிலருக்கு இந்த மௌனம் பெரிய தொல்லையாக இருந்தது. 1937-இல் ரகசியப் போலீஸ் பள்ளியை மூடியது. மாணவர் பலர் சிறைக்கும், பிறகு போர்முனைக்கும் போனார்கள். அவரே 1943 ஏப்ரலில் கைதாகி பெர்லினில் டேகல் சிறையில் அடைபட்டார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். சங்கீதங்களைப் பல வருஷப் பழக்கப்படியே தினமும் வாசிப்பதாகச் சிறையிலிருந்து பெற்றோருக்கு எழுதுகிறார். அந்தப் ‘பழக்கம்’ என்ற இடத்தில் நான் நின்றுவிடுவேன். கம்பிக்குப் பின்னால் அவசரத்தில் தேடிப் பிடித்த ஆறுதல் அல்ல அது.

அத்தான் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். பார்க்க வந்தவர்களெல்லாம் அக்காளுக்கு விசுவாசம் போதித்தார்கள். ஒரு பெரியவர், “முணுமுணுக்கப்படாதும்மா, விசுவாசமிருந்தா பிழைச்சிடுவார்” என்றார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் இப்படிச் சொல்லப்பட்ட பிறகு ஒருவர் செத்துப்போனால் பழி யார் தலையில் விழும் என்பதை நல்ல மனிதர்கள் யோசிப்பதில்லை.

அக்காள் நிதானமாகச் சொன்னாள்: “முணுமுணுப்பும் வேதத்திலே இருக்குதே, ஐயா. மாசாமாசம் வாசிச்சிருக்கேன்.”

அத்தான் பிழைக்கவில்லை. அக்காள் வாய்விட்டு அழுதாள். இரண்டு மாதம் கோயில் பக்கமே போகவில்லை. காலைச் சங்கீதத்தை மட்டும் நிறுத்தவில்லை. சில நாள் வாசிக்கும்போது குரலில் கோபம் தெரியும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். முடிந்ததும் எழுந்துபோய்க் காபி கலந்துகொண்டு வருவாள்.