பருந்துக் கணக்குப்பிள்ளை!

தென்காசியில் மதுரை பஸ் ஏறுகிறவர்கள் வாசுதேவநல்லூரைத் தூக்கத்திலேயே கடந்துவிடுவார்கள். கடையநல்லூர் தாண்டிக் கண் அசந்தால் ராஜபாளையத்தில்தான் முழிப்பு. நடுவே புளியங்குடி எலுமிச்சை, வாசுதேவநல்லூர் அர்த்தநாரீஸ்வரர், சிவகிரி எல்லாம் போயே போச்சு! அடுத்த தடவை ஐப்பசி, கார்த்திகையில் வந்தால், இடது பக்க ஜன்னல் ஸீட்டைத் துண்டு போட்டுப் பிடியுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். மழை வெறித்த காலையில் மலைக்கு மேலே பொட்டுப் பொட்டாகச் சில கரும்புள்ளிகள் வட்டமடிக்கும். அதைப் பார்ப்பதற்காகவே வாசுதேவநல்லூரில் இறங்கலாம்.

1767-ல் கர்னல் டொனால்ட் கேம்ப்பெல் பீரங்கிகளோடு வந்து முற்றுகை போட்ட கோட்டை இருந்த ஊர் இது. பூலித்தேவரின் கோட்டை. அன்றைக்குக் கோட்டைச் சுவரில் நின்றவர்கள் எதிரி எந்தத் திசையில் வருகிறான் என்று பார்த்திருப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. மேற்கே பார்த்தால் போதும். அந்தப் பக்கம் தலையணை என்று ஓர் இடம் உண்டு. (படுத்துக்கொள்கிற தலையணை இல்லை சார், தண்ணீர் வருகிற இடம்!) அதற்கு மேலே காடு. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். நமக்கு அங்கே வேலையும் இல்லை. அடிவாரத்தில் ஒரு குளக்கரை, ஒரு பனைமர நிழல், பைனாகுலர், நாற்பது பக்க நோட்டு. ஆபீஸ் திறந்தாச்சு.

பருந்துகளும் சில ஆபீஸர்கள் மாதிரிதான். ஒன்பதரைக்கு முன்னால் ஸீட்டில் பார்க்க முடியாது! காரணம் சோம்பல் இல்லை, சிக்கனம். வெயில் ஏறி, பாறை சூடானால்தான் சூட்டுக் காற்று மேலே கிளம்பும். பருந்து இறக்கையை விரித்து அதில் ஏறி, சுற்றிச் சுற்றி உச்சிக்குப் போகும். அங்கிருந்து ஒரே சறுக்கல், அடுத்த சூட்டுக் காற்று வரைக்கும். மலையில் மோதுகிற காற்றும் மேல்நோக்கித்தான் திரும்பும். அதனால் வலசை போகிற பருந்துகளுக்கு மலைத்தொடர் என்பது பெட்ரோல் செலவில்லாத ரோடு. இறக்கையை அடிக்காமலே பல மைல்.

எண்ணுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. வட்டமடிக்கும்போது எண்ணக் கூடாது. ஒன்றையே மூன்று முறை எண்ணி, ராத்திரி கனவிலும் சுற்றும். உச்சிக்குப் போய் ஒவ்வொன்றாக வரிசையில் சறுக்க ஆரம்பிக்கும், அப்போதுதான் எண்ண வேண்டும். பாங்க் கேஷியர் நோட்டு எண்ணுகிற மாதிரி.

யார் யார் வருவார்கள்? பாம்புண்ணிக் கழுகு உள்ளூர்வாசி. காட்டின் மேல் உரக்க விசில் அடித்துக்கொண்டே சுற்றும். (பக்கத்து ரயில்வே ஸ்டேஷன் பெயர் பாம்புக்கோவில் சந்தை. பொருத்தம்தான்!) செம்பருந்தும் நம்ம ஊர்தான். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியூர் விருந்தாளிகளில் முக்கியமானது பூனைப்பருந்து. கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்து, குளிருக்குப் பயந்து இங்கே வருகிறது. மெலிந்த உடம்பு, நீண்ட இறக்கை. தரிசு நிலத்தின் மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளி, எலி தேடும். ராத்திரி மரத்தில் அடைவதில்லை. புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாகப் படுத்துவிடும். புல்தரையை உழுதுவிட்டாலோ தீ வைத்துவிட்டாலோ அன்றைக்கு அதற்கு லாட்ஜ் கிடையாது.

உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, பிளாட்டு போடப் போறீகளா?"

பைனாகுலரும் நோட்டுமாக ஒருவன் உட்கார்ந்திருந்தால் வேறென்ன நினைப்பார்!

"இல்லைங்கய்யா. பருந்து எண்ணுறேன்."

"எண்ணி?"

"எழுதி வைப்பேன்."

"சம்பளம் தாராகளா?"

"இல்லை."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். "ஐப்பசி பொறந்தா வரும். தரிசுல தாழத் தாழப் பறக்கும். பங்குனியில காணாமப் போயிரும். நாங்க சின்னப்பிள்ளையா இருக்கையில இன்னும் நெறைய வரும்."

"எவ்வளவு நெறைய?"

"நெறையன்னா... நெறையதான்."

சங்கதியே இதுதான். அவர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 'நெறைய' என்பதை எந்த ஆபீஸிலும் ஃபைல் போட முடியாது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மலை. இலையுதிர் காலத்தில் அதன் மேல் ஆயிரக்கணக்கில் பருந்துகள் போகும். ஜனங்கள் துப்பாக்கியோடு ஏறி, பொழுதுபோக்காகச் சுட்டுத் தள்ளுவார்கள். செத்த பருந்துகளை வரிசையாக அடுக்கிய போட்டோவைப் பார்த்துக் கொதித்துப்போனார் ரோசலி எட்ஜ் என்ற நியூயார்க் அம்மாள். 1934-ல் சுமார் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் ப்ரூன் என்பவரைக் காவலுக்குப் போட்டார். சுட வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதோடு ப்ரூன் நிற்கவில்லை. போகிற பருந்தையெல்லாம் எண்ணி எழுதி வைத்தார். அந்த இடத்துக்கு ஹாக் மவுண்டன் என்று பேர்.

அந்த நோட்டு என்ன செய்தது தெரியுமா? 1935 முதல் 1939 வரை அங்கே பறந்த வெண்தலைக் கழுகுகளில் 40 சதவிகிதம் இளசுகள். 1955 முதல் 1959 வரை பார்த்தால் 20 சதவிகிதம்தான். பெரிசுகள் இருக்கின்றன, பிள்ளைகளைக் காணோம்! ரேச்சல் கார்சன் 1962-ல் எழுதிய 'மௌன வசந்தம்' புத்தகத்தில் டி.டி.டி. பூச்சிமருந்துக்கு எதிராக வைத்த சாட்சிகளில் இந்தக் கணக்கும் ஒன்று. 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது.

நம்ம நாட்டுக் கதை இன்னும் உறைக்கும். ராஜஸ்தான் பரத்பூரில் விபு பிரகாஷ் என்ற ஆய்வாளர் 1980-களில் பிணந்தின்னிக் கழுகுகளை எண்ணி வைத்திருந்தார். 1990-களின் கடைசியில் மறுபடி எண்ணினால், அதல பாதாளம். பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் வந்திருப்பது விபத்து என்று நிரூபிக்க முடிந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் வில்லன் என்று 2004-ல் வெளியான ஆய்வு சொன்னது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் வெண்முதுகுக் கழுகு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டது. தமிழ்நாட்டில் இன்று கழுகு பார்க்க வேண்டுமென்றால் மோயாறு பக்கம்தான் போக வேண்டும்.

நாகாலாந்தில் 2012 அக்டோபரில் நடந்ததைச் சிலர் பேப்பரில் படித்திருப்பீர்கள். சைபீரியா, வட சீனாப் பக்கமிருந்து தென்னாப்பிரிக்கா போகிற அமுர் வல்லூறுகள் டோயாங் அணைக்கட்டுப் பக்கம் லட்சக்கணக்கில் இறங்கும். ஒன்றின் எடை 150 கிராம் இருந்தால் பெரிசு. வலை கட்டிப் பிடித்து ஆயிரமாயிரமாக விற்றார்கள். படம் வெளியானதும் நாடே அதிர்ந்தது. ஊர்ச்சபை, சர்ச், வனத்துறை எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். 2013-ல் ஒரு வலைகூட விரிக்கவில்லை. அந்த வருஷமே மூன்று பறவைகளுக்கு சாட்டிலைட் கருவி மாட்டி, நாகா, வோக்கா, பாங்டி என்று பேர் வைத்துப் பறக்கவிட்டார்கள். அவை தென்னிந்தியா வழியாகப் பறந்து, அரபிக்கடலை ஒரே மூச்சில் தாண்டின. ஈசல்தான் இவற்றின் டீசல். முதல் மழைக்கு நம்ம ஊரில் ஈசல் பிடித்து அரிசியோடு வறுப்பவர்களுக்கு அந்த ருசி புரியும்.

சினிமா மேடையில் சொன்ன காக்கா, கழுகு கதைக்காக நாள் கணக்கில் சண்டை போட்டவர்கள் நாம். நிஜக் கழுகுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தரக் கூடாதா?

கிளம்புகிறவர்களுக்கு: எட்டு மடங்கு பைனாகுலர் போதும். பெரிசு வாங்கினால் கைதான் நடுங்கும். தேதி, நேரம், மேகம், காற்று எந்தப் பக்கம், எல்லாம் எழுதுங்கள். பேர் தெரியாததற்கு 'தெரியவில்லை' என்று தனி காலம் போடுங்கள். என் நோட்டில் அன்றைக்கு பூனைப்பருந்து 4, சிவப்பு வல்லூறு 2, பாம்புண்ணி 1, செம்பருந்து 3, தெரியவில்லை 5. ஒன்றுமே வராவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள், பக்கத்தைக் காலியாக விடாதீர்கள். இரண்டு மணிக்கு மேல் மலையில் கருக்கும். நோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டு, அப்புறம் குடையைத் தேடுங்கள்.