ஒன்பது விநாடிகள்

தை மாதத்து இரவொன்றில் கல்லூரி மொட்டைமாடியில் மாணவர்களுக்கு வியாழனைக் காட்டிக்கொண்டிருந்தேன். (தமிழாசிரியனுக்குத் தொலைநோக்கி எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது.) கடைசியாக நின்ற முதலாண்டு மாணவியின் முறை வந்தபோது கோள் வடக்கு விளிம்புக்கு நகர்ந்திருந்தது, துருவத்தை நான் சரியாகக் குறிவைத்திருக்கவில்லை. நடுவுக்குக் கொண்டுவர விசையை அழுத்தினேன். அசையவில்லை. வேகத்தைக் கூட்டி மறுபடி அழுத்தினேன். துள்ளிப் பார்வைப்புலத்தை விட்டே போய்விட்டது. தேடிப் பிடிப்பதற்குள் மேகம். "பரவாயில்ல சார்" என்று அவள் படியிறங்கிப் போனது பல நாள் உறுத்தியது.

குறை தாங்கியின் பற்சக்கரத்தில் இருந்தது. மோட்டார் சுழற்றும் திருகுத்தண்டும் 144 பற்கள் கொண்ட சக்கரமும் இறுகக் கவ்விக்கொண்டால் சுழலாது. சிறிது இடைவெளி வேண்டும். திசை மாறும்போது தண்டு அந்த இடைவெளியைக் கடந்து மறுபக்கப் பல்லைத் தொடும்வரை மோட்டார் ஓடும், குழாய் நிற்கும். கையேடு இதை பேக்லாஷ் என்கிறது. லேத் பட்டறையில் 'பிளே' என்பார்கள். எனக்கென்னவோ சைக்கிள் கடைக்காரரின் 'ஆட்டம்' என்ற சொல்தான் பிடித்திருக்கிறது.

அளப்பது எளிது, பொறுமைதான் வேண்டும். மாசியில், ஓரியனின் இடைக்கச்சையில் வான நடுவரையை ஒட்டியிருக்கும் மின்டகாவைக் குறுக்கிழை போட்ட கண்ணருகு வில்லையில் நிறுத்தினேன். வடக்கு தெற்காக நகர்த்தும் அச்சு மட்டும். வேகம் விநாடிக்கு 15 வில்விநாடி. விண்மீன் நகரத் தொடங்கும்வரை மேல் அம்பு. பிறகு கீழ் அம்பும் நிறுத்துகடிகாரமும் ஒரே நொடியில். மோட்டாரின் ஓசை கேட்கிறது, விண்மீனோ அசையாமல் நிற்கிறது. அந்தக் காத்திருப்பு விசித்திரமானது. பத்து முறை அளந்ததில் சராசரி 9 விநாடி, அதாவது 135 வில்விநாடி. அன்றைய வியாழன்கள் மூன்றை அருகருகே வைக்கலாம்.

தண்டைச் சக்கரத்தோடு நெருக்கும் திருகைப் பேராசையில் முழுக்க இறுக்கினேன். மோட்டார் முனகி நின்றுபோயிற்று. சிறுகச் சிறுகத் தளர்த்தியதில் 4 விநாடிக்கு வந்தது. அதற்குமேல் கேட்பது உலோகத்துக்குச் செய்யும் அநியாயம். எஞ்சியதற்கு ஒரு வழி உண்டு: எந்தத் திருத்தத்தையும் மேல் அம்பிலேயே முடித்தால் பல் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

பங்குனியில் மீண்டும் மாடியேறினோம். அவள் வரிசையில் சேராமல் சுவரோரம் நின்றாள். முதலில் அவளைத்தான் அழைத்தேன்.

"இன்னைக்கு ஓடிடாதுல்ல சார்?"

மேல் அம்பிலிருந்து விரலை எடுத்துவிட்டு விலகி நின்றேன்.