அப்பாவின் நம்பர் நோட்டு

"எம்.ஏ. படிச்சவன்தானே நீ? ஒங்கப்பனுக்கு எடுத்துச் சொல்லேன்" என்று அம்மா அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். 2022 ஆகஸ்டு மாதம். மகளிர் குழுவில் வாங்கிய கடனில் பன்னிரண்டாயிரம் ரூபாயைக் காணவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருந்த பணம். யார் எடுத்தது என்று கேட்கவேண்டிய அவசியம் வீட்டில் யாருக்கும் இல்லை. மூணு நம்பருக்குப் போயிருந்தது.

நோட்டு என்னுடையது. ஒன்பதாவது படிக்கும்போது கணக்குப் பாடத்துக்கு வாங்கி, நாலு பக்கம் எழுதிவிட்டுத் தூக்கிப்போட்டது. என் கையெழுத்தில் நாலு பக்கம் இயற்கணிதம். ஐந்தாவது பக்கத்திலிருந்து அப்பாவின் எண்கள். பத்தி பத்தியாக, கோடு போட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். என் அப்பாவுக்குத் தன் பெயரைத் தவிர வேறு எழுத்து தெரியாது. ஆனால் எண் தெரியும். பஸ் நம்பரை வைத்துக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். மிச்சத்தைக் கற்றுக்கொடுத்தது லாட்டரிக் கடை.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. திருமானூரில் கொள்ளிடப் பாலத்துக்குப் போகிற ரோட்டில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அப்போது எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. அரியலூர் தனி மாவட்டமாகி நிலைத்தது 2007இல்தான். கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோல சீட்டுகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். பூட்டான் சீட்டு, சிக்கிம் சீட்டு என்று நாங்கள் பார்க்காத மலைகளின் படமெல்லாம் அதில் இருக்கும். பக்கத்து டீக்கடையில் அப்பா பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வெளியே நின்றுதான் குடிப்பார். லாட்டரிக் கடையில் மட்டும், முடிவு ஒட்டிய பலகைக்கு முன்னால், ஆண்டை வீட்டுப் பையனும் அப்பாவும் தோள் இடிக்க நின்று எண் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். "கடைசி ரெண்டு என்னாய்யா?" என்று அந்தப் பையன் அப்பாவிடம் கேட்டான். 'என்னாடா' என்று கேட்கவில்லை. பன்னிரண்டு வயதில் எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. சீட்டு தீட்டுப் பார்க்கவில்லை. பணத்தை வாங்கிக்கொள்வதில் அது எல்லாரையும் சமமாக நடத்தியது.

தமிழ்நாட்டில் அரசே லாட்டரி தொடங்கியது 1968இல், அண்ணா முதல்வராக இருந்தபோது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றார்கள். அதே 1968இன் டிசம்பர் 25ஆம் தேதி இரவுதான் கீழவெண்மணியில், கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்ட போராட்டத்துக்குப் பதிலாக, 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். ரெண்டையும் முடிச்சுப் போடுவது நியாயமா என்று எனக்கே சந்தேகம் உண்டு. ஆனாலும் அந்த ஆண்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் ரெண்டும் சேர்ந்தேதான் வருகிறது.

90களில் ஒத்த நம்பர் வந்தபிறகுதான் வீடுகள் கவிழ்ந்தன. பம்பர் குலுக்கலுக்கு மாசக்கணக்கில் காத்திருந்தவன், காலையில் வாங்கி மதியம் தோற்று சாயங்காலம் மறுபடி வாங்கினான். ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு தரக்கூடாது என்று 1998இல் மத்திய அரசு சட்டம் போட்டது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தமிழ்நாட்டில் எல்லா லாட்டரியையும் தடை செய்தது. எங்கள் தெருப் பெண்கள் அன்றைக்குச் சந்தோஷப்பட்டதை எந்தக் கோட்பாட்டை வைத்தும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

கடைதான் போனது. பிறகு துண்டுச்சீட்டு வந்தது. கேரள அரசு லாட்டரியின் முதல் பரிசு எண்ணில் கடைசி மூன்று இலக்கம், அதுதான் பந்தயம். கேரள சீட்டை யாரும் விற்பதில்லை. வெள்ளைத்தாளில் மூணு எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு, பிற்பகலில் முடிவு வந்ததும் செல்போனில் பார்த்துச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்து ஏஜெண்டு முப்பது ரூபாய்க்குப் பதினைந்தாயிரம் என்று ரேட் வைத்திருந்தான். அவனும் நம்ம தெருப் பையன்தான். போலீஸ் பிடித்தால் அவனைத்தான் பிடிக்கும். அவனுக்கு மேலே இருப்பவன் யார் என்று அவனுக்கே தெரியாது.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத்தொழிலாளி, இந்தச் சீட்டில் கடன்பட்டு, மூன்று பெண் குழந்தைகளுக்கும் விஷம் கொடுத்து மனைவியோடு தானும் செத்தார். அந்தச் செய்தி வந்த அன்று அம்மா சமைக்கவில்லை.

மூன்று ராத்திரி உட்கார்ந்து நோட்டைப் படித்தேன். சங்க இலக்கியத்துக்கு உரை பார்த்ததுபோலத்தான் பார்த்தேன். அப்பாவிடம் நாலைந்து முறை இருந்தது. முந்தின நாள் எண்ணைத் திருப்பிப் போடுவது ஒன்று. மூணு இலக்கத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை கிழமைக்குக் கிழமை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது இன்னொன்று. அவர் பெரிதும் நம்பியது 'வராத நம்பர்'. எந்த எண் கடைசி இலக்கத்தில் வந்து எத்தனை நாளாகிறது என்று தனிப் பத்தி. 7 வந்து 23 நாளாகிவிட்டது, இனி வந்தே ஆகவேண்டும் என்ற கணக்கில்தான் பன்னிரண்டாயிரமும் போயிருக்கிறது.

கல்லூரியில் எனக்குக் கணக்கு கிடையாது. கணிதம் படித்த தோழர் ஒருவர் போனிலேயே சொல்லிக்கொடுத்தார். ஒரு குறிப்பிட்ட எண் இருபது நாளாக வராமல் இருக்க நூற்றுக்குப் பன்னிரண்டு வாய்ப்புதான். அதைக் கேட்டதும் அப்பா சொல்வது சரிதானோ என்று எனக்கே தோன்றியது. "பத்து எண்ல ஏதோ ஒண்ணு வராம இருக்கணும்னு வச்சுப் பாருங்க" என்றார் அவர். இருபது நாளில் பத்து எண்ணும் வந்துவிடுவதுதான் அபூர்வம். ஐந்து தடவையில் ஏறத்தாழ நாலு தடவை ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அப்பா கண்டுபிடித்த 'வராத நம்பர்' எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அது நாளைக்கு வருவதற்கான வாய்ப்பு அதே பத்தில் ஒன்றுதான். மூணு இலக்கத்துக்கு ஆயிரத்தில் ஒன்று. ஆயிரம் நாள் விடாமல் ஆடினால் ஒரு தடவை நிச்சயம் என்று அப்பா நினைத்திருந்தார். ஆயிரம் நாள் ஆடினாலும் நூறு பேரில் 37 பேருக்கு ஒரு தடவைகூட விழாது. ஆயிரம் பேர் முப்பது முப்பதாகப் போட்டால் முப்பதாயிரம். ஒருத்தனுக்குப் பதினைந்தாயிரம் போக மீதி மேலே போகிறது. தினம் ஒரு துண்டுச்சீட்டு என்றால் வருசத்துக்கு 10,950 ரூபாய். அந்த வருசம் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 281 ரூபாய். அது முழுசாக வந்ததாகவே வைத்துக்கொண்டாலும் 39 நாள் மண்வெட்டு.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் உட்கார்ந்தேன். பத்து புளியங்கொட்டையில் வெள்ளை பெயிண்டால் 0 முதல் 9 வரை எழுதி ஒரு செம்பில் போட்டேன். "நீங்களே எடுங்க, பாத்துட்டுத் திருப்பிப் போடுங்க, எழுதுங்க." அப்பா குலுக்கிக் குலுக்கி எடுத்து எழுதினார். பதினைந்து தடவை முடிவதற்குள் நிமிர்ந்து, "பாத்தியா, 4க்கு அப்பறம் 9 வருது. ரெண்டு தடவ வந்துருச்சி" என்றார். புளியங்கொட்டையிலும் ஒழுங்கு கண்டுபிடித்துவிட்டார்.

"அது தற்செயல்ப்பா. கொட்டைக்கு முன்னாடி எது வந்துச்சின்னு ஞாபகம் இருக்காது."

"நான் கணக்கு வச்சிருந்தாலும்?"

"நீங்க வச்சிருந்தாலும்."

"அப்ப ஆண்ட மாதிரின்னு சொல்லு."

சிரிக்கவில்லை அவர். களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். அளந்தது அப்பா. எழுதியது கணக்குப்பிள்ளை. அப்பா தன் பங்குக்கு வைக்கோல் பிரியில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். கூலி பிரிக்கும்போது அந்த முடிச்சும் நோட்டும் ஒத்துப்போனதே இல்லை. நோட்டுதான் ஜெயிக்கும். ஒருமுறை பிரியை எடுத்துக் காட்டியதற்காக மூன்று போகம் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. எண்களை இத்தனை கவனமாகச் சேர்த்துவைக்கிற ஒரு மனிதர், எண்களால் தனக்கு ஏதாவது நடந்தாகவேண்டும் என்று நினைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நம் தோழர்கள் துண்டறிக்கையில் 'மூடநம்பிக்கை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். மூடனுக்கு இவ்வளவு நேரான கோடு போட வராது.

எம்.ஏ. வகுப்பில் நளன் கதை நடத்தினார்கள். சூதில் நாடிழந்த நளனின் துன்பத்துக்காக வகுப்பே உருகியது. பாரதத்தில் வரும் அந்தக் கதையில் இன்னொரு இடம் உண்டு. இருதுபன்னன் தேரில் போகும்போதே ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் கணக்கிட்டுச் சொல்வான். நளன் மரத்தை வெட்டி எண்ணிப் பார்ப்பான், சரியாக இருக்கும். அந்த வித்தைதான் சூதின் சூட்சுமம் என்று அதை இருதுபன்னனிடம் கற்றுக்கொண்டு, பதிலுக்குக் குதிரை வித்தையைக் கொடுப்பான். பழைய இந்தியாவில் தான்றிக் காயையே பகடையாக உருட்டினார்கள். எண்ணத் தெரிந்தவனே ஆடத் தெரிந்தவன் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஒரு ராஜா இன்னொரு ராஜாவுக்குச் சொல்லிக்கொடுத்தான். தேர் ஓடிய வழியில் நெல் அளந்துகொண்டிருந்தவனுக்கு யாரும் சொல்லவில்லை. வகுப்பில் இதைக் கேட்டேன். பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கறுப்பர்களின் கதையைப் படிக்கும்போது அப்பாவின் நோட்டு எனக்கு இன்னும் புரிந்தது. 1920களில் நியூயார்க்கின் ஹார்லெமில் இதே மூணு நம்பர்தான். பத்திரிகையில் வரும் வங்கிக் கணக்குத் தொகையிலிருந்து மூன்று இலக்கம் எடுப்பார்கள். கனவில் என்ன வந்தால் என்ன எண் என்று சொல்லும் கனவுப் புத்தகங்கள் விற்றன. ஆயிரத்தில் ஒரு வாய்ப்புக்கு அறுநூறு மடங்குதான் கொடுத்தார்கள். மால்கம் எக்ஸ் தன் இளமையில் இதை ஆடியவர், இதற்கு ஓடியவர். அந்த ஆட்டத்தை நடத்திய காஸ்பர் ஹோல்ஸ்டீன் என்ற கறுப்பர், கறுப்பு எழுத்தாளர்களுக்கு 'ஆப்பர்ச்சூனிட்டி' பத்திரிகை கொடுத்த பரிசுகளுக்குப் பணம் தந்தார். நாம் கொண்டாடுகிற ஹார்லெம் இலக்கியத்தில் அந்தத் துண்டுச்சீட்டுக் காசும் இருக்கிறது.

அதற்கு முன்னால் டென்மார்க் வெசி. சார்ல்ஸ்டன் நகரத்தில் அடிமை. 1799இல் லாட்டரியில் 1,500 டாலர் விழுந்தது. 600 டாலர் கொடுத்துத் தன்னை விடுவித்துக்கொண்டார். மனைவி மக்களை விடுவிக்க முடியவில்லை. 1822இல் அடிமைகளைத் திரட்டிக் கலகத்துக்குத் திட்டமிட்டார் என்று தூக்கிலிட்டார்கள். இதை அப்பாவுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, "அப்ப அவனுக்கு விழுந்துச்சில்ல?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா தோட்டை அடகு வைத்ததிலிருந்து தங்கச்சி பன்னிரண்டாவதோடு நின்றதுவரை எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "நீ போன மாசம் எழுதுனியே பரீச்ச, எத்தன பேரு எழுதுனீங்க?" என்றார். குரூப் 4. 22 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள் என்றேன். "எத்தன வேல?" அறிவிப்பில் 7,301. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. "முன்னூறு பேர்ல ஒருத்தன். எனக்கு ஆயிரத்துல ஒண்ணு. பரவால்ல, படிச்சதுக்கு அவ்ளோ கொறஞ்சிருக்கு."

பதில் சொன்னேன். தேர்வு குலுக்கல் அல்ல, படித்தால் வாய்ப்பு மாறும், நமக்குள்ள இடம் போராடி வாங்கிய இடம் என்றெல்லாம். எல்லாம் உண்மைதான். ஆனால் அது எனக்கு ஆறாவது தடவை. என் மேசையிலும் பழைய வினாத்தாள்கள் வருசவாரியாக அடுக்கியிருந்தன, எந்தக் கேள்வி எத்தனை வருசமாக வரவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து. அதை அப்பா பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

குழுக்கடனை நானும் அம்மாவும் பதினோரு மாதத்தில் கட்டி முடித்தோம். ஏஜெண்டுப் பையன் ஒரு வழக்கில் உள்ளே போய் வந்து இப்போது திருப்பூரில் இருக்கிறான். அவன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான். அப்பா அவனிடம் போவதில்லை என்கிறார். அம்மா நம்பவில்லை. நான் பாதி நம்புகிறேன். சாயங்காலமானால் பக்கத்து வீட்டுப் பையனின் போனில் முடிவைக் கேட்டு எழுதுவது மட்டும் நிற்கவில்லை.

போன பொங்கலுக்கு, நோட்டு தீர்ந்துபோச்சு, வரும்போது கோடு போட்டதா ஒண்ணு வாங்கிட்டு வா என்றார். வாங்கிக்கொண்டு போனேன். அம்மா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.