சம்பளமில்லாத ஷிப்ட்

எண்ணெயில் தோய்த்த காட்டன் வேஸ்டால் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர். அவருக்கு வேலை சொன்னவன் கல்லூரிக்குப் போகும் பையன். வேல்ஸில் டாலிலின் ரயில்வேயின் ஷெட்டில் இது சகஜம். முதலில் துடைக்க வேண்டும், பிறகு ஃபயர்மேன், அதன்பிறகு டிரைவர். வெளியில் யார் என்னவாக இருந்தாலும் படிக்கட்டு இதுதான்.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பிரிவில் இருந்தவர். சங்கு ஊதினால் காலனியே சைக்கிளில் கிளம்பும். நகக்கண்ணில் ஏறிய கரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகும்போதும் போகாது. "நீ இந்த வேலைக்கு வரக் கூடாது" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார். வந்துவிட்டேன், அதுவும் சந்தா கட்டி.

டாலிலின், கற்பலகை ஏற்றிச் செல்லப் போட்ட குட்டி ரயில்பாதை. 1948-ல் பிரிட்டிஷ் ரயில்வேக்களை நாட்டுடைமை ஆக்கியபோது இதை மட்டும் விட்டுவிட்டார்கள். 1950-ல் முதலாளி சர் ஹேடன் ஜோன்ஸ் இறந்தார். இருந்தவை 1860-களில் செய்த இரண்டே எஞ்சின்கள். அதிலும் ஓடும் நிலையில் இருந்தது டோல்கோக் ஒன்றுதான். எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட்டும் நண்பர்களும் அந்த அக்டோபரில் பர்மிங்காமில் கூட்டம் போட்டார்கள். 1951 மே மாதம் தன்னார்வலர்களே ரயில் விட்டார்கள். உலகில் அதற்குமுன் யாரும் செய்யாத காரியம். பக்கத்து காரிஸ் ரயில்வே மூடியதில் நின்றுபோன எஞ்சின்கள் இரண்டும், நல்லவேளையாக, இதே இரண்டேகால் அடித் தண்டவாளத்துக்குச் செய்தவை. ஒன்று 25 பவுண்டு என்று வாங்கிப்போட்டார்கள்.

கதை அழகாகத்தான் இருக்கிறது. வாஷ்அவுட் நாளில் வந்து பார்க்க வேண்டும். பாய்லரை முழுக்க ஆறவிட்டு, மூலைகளில் உள்ள பிளக்குகளைக் கழற்றி, ஹோஸை நுழைத்துத் தண்ணீரைப் பீய்ச்சினால் சேறும் உப்புச் சில்லும் பூட்ஸ்மேல் கொட்டும். கம்பியை விட்டுக் குடைந்து, டார்ச் அடித்துப் பார்த்து, மறுபடி பீய்ச்ச வேண்டும். ஆறுவதற்குள் அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரை விட்டால் தகடு விரிசல் விடும். நெருப்பு மூட்டுவதும் அப்படியே. மணிக்கணக்கில் மெல்ல மெல்லத்தான். பத்தாண்டுக்கு ஒருமுறை பாய்லரையே தூக்கி இறக்கி, குழாய்களை உருவி எல்லாம் பார்ப்பதென்றால் ஓய்வுநாள் உழைப்பு மட்டும் போதாது. சம்பளம் வாங்கும் ஆட்களும் இங்கே உண்டு. அன்பாலேயே ஓடுகிறது இந்த ரயில் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஒரு கோடையில் அப்பாவை அழைத்துப்போனேன். யாரையும் கேட்காமல் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஃபயர்பாக்ஸுக்குள் தலையை விட்டார். தகடுகளைப் பிணைக்கும் ஸ்டே போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தார். உடைந்த ஸ்டேயின் சத்தம் வேறு மாதிரி இருக்கும். அப்பாவுக்கு அது தூக்கத்தில்கூடத் தெரியும். கல்லூரிப் பையன் வாய்பிளந்து நின்றான்.

"இவங்களுக்கு என்னப்பா சம்பளம்?"

1946 செப்டம்பர் 5-ல் பொன்மலை சங்கத்திடலில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். அப்பா வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய சம்பவம். ஆனாலும் வருஷா வருஷம் அந்தத் தேதியில் திடலுக்குப் போகாமல் இருந்ததில்லை. அவரிடம் போய், இவர்கள் சும்மா செய்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். ஊட்டி மலை ரயிலுக்குப் பொன்மலையிலேயே புது நீராவி எஞ்சின் செய்து 2011-ல் அனுப்பியதை அவர் பெருமையாகச் சொல்வது உண்டு. அது வேலை. பஞ்சப்படியும் பென்ஷனும் உள்ள வேலை. இதை எதில் சேர்ப்பது என்று அவருக்குப் புரியவில்லை.

"சரி, லீவு சொல்லாம நின்னுட்டா யாரு மெமோ குடுப்பா?"

பையனிடம் கேட்டுச் சொன்னேன். மெமோ எல்லாம் கிடையாதாம். அடிக்கடி நின்றால் ரோஸ்டரில் பேர் போட மாட்டார்களாம்.

"வேலை குடுக்க மாட்டாங்களா? அதுவா தண்டனை?" என்று அப்பா சிரித்த சிரிப்பில் பல் டாக்டர் திரும்பிப் பார்த்தார். என்னவென்று கேட்டார். இங்கிலீஷில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, போன வருஷம் முழங்கால் ஆபரேஷனுக்காக மூன்று மாதம் தன் பேரை எடுத்துவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார்.