கோழிக்குப் போகும் மெத்தியோனின் மாட்டின் கல்லீரலைக் காக்குமா?

கொல்லிமலை அடிவாரத்தில் தீவன வியாபாரம் செய்கிறவர்களுக்கு மெத்தியோனின் புதிய பெயரல்ல. நாமக்கல் கோழிப் பண்ணைகள் மக்காச்சோளத்தையும் சோயாப் பிண்ணாக்கையும் நம்பி ஓடுகின்றன. அந்தக் கலவையில் முட்டைக்கோழிக்கு முதலில் பற்றாமல் போகும் அமினோ அமிலம் மெத்தியோனின்தான் என்பதால் அதைத் தனியாகக் கலக்கிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வாசலூர்பட்டிக்குப் போனால் அங்கே கோழித் தொழில் இல்லை. கலப்பின மாடு உண்டு. அந்த மாட்டுக்காகக் கால்நடை மருந்துக் கடைகளில் விற்கும் லிவர் டானிக் புட்டிகள் பலவற்றின் லேபிளில் அதே மெத்தியோனினும், அதன் கூட்டாளியான கோலினும் இருக்கின்றன. கன்று ஈனும் சமயத்தில் கொடுத்தால் கல்லீரல் பலப்படும் என்பது விற்கிறவரின் வாக்கு. இந்த வாக்கு எங்கே பிறந்தது, எந்தப் பிராணியின் உடலில் நிரூபணமானது என்று தேடத் தொடங்கினேன். மாட்டைத் தேடிப் போன எனக்கு முதலில் கிடைத்தவை நாய்களும் எலிகளும்.

மாட்டின் கல்லீரலுக்குக் கன்று ஈனும் நாட்களில் என்ன சிக்கல் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சினையின் கடைசி மூன்று வாரங்களில் மாடு தின்பது குறைகிறது. ஈன்ற மறுநாளே மடி கேட்கும் சத்தோ பல மடங்கு கூடிவிடுகிறது. இடைவெளியை நிரப்ப மாடு தன் உடற்கொழுப்பைக் கரைக்கிறது, கரைந்த கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகின்றன. அசைபோடும் பிராணிகளின் கல்லீரல் கொழுப்பை வாங்கிக்கொள்வதில் தாராளம், வெளியே அனுப்புவதில் மந்தம். தேங்கியது கொழுப்புக் கல்லீரலாகிறது. அரைகுறையாக எரிந்தது கீட்டோன்களாக மாறி மாட்டின் பசியைக் கெடுக்கிறது, பாலையும் குறைக்கிறது. 1976-ல் டேவிட் மாரோ இதைக் ‘கொழுத்த மாட்டு நோய்’ என்றே குறிப்பிட்டு எழுதினார். வற்றுக்காலத்தில் அளவுக்கு மீறிக் கொழுக்கவிட்ட மாடுகளே அதிகம் விழுந்தன என்பது அவர் கண்டது.

மெத்தியோனினின் கதை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்குகிறது. 1922-ல் நியூயார்க்கில் ஜான் ஹோவர்ட் முல்லர் பாக்டீரியாவை வளர்க்க எது தேவை என்று தேடிக்கொண்டிருந்தபோது, பாலிலுள்ள கேசீன் புரதத்திலிருந்து கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார். மாட்டுக்குத் திருப்பிக் கொடுக்கப்படும் இந்தச் சத்து முதன்முதலில் மாட்டின் பாலிலிருந்தே அடையாளம் காணப்பட்டது. கல்லீரல் கதை டொரோண்டோவில் நடந்தது. கணையம் அகற்றப்பட்ட நாய்கள் இன்சுலின் தயவில் உயிர் பிழைத்தன, ஆனால் அவற்றின் கல்லீரல் கொழுத்தது. பச்சைக் கணையத்தைத் தின்னக் கொடுத்தால் அது தணிந்தது. அதற்குக் காரணம் லெசித்தினும் அதிலுள்ள கோலினும் என்று 1932-ல் சார்லஸ் பெஸ்ட் குழு காட்டியது. 1937-ல் டக்கர், எக்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் எலிகளுக்கு மெத்தியோனின் கொடுத்தபோது கல்லீரல் கொழுப்பு குறைந்தது. இன்னொரு கந்தக அமினோ அமிலமான சிஸ்டினைக் கொடுத்தபோது கூடியது. ஆக, வேலை செய்தது கந்தகம் அல்ல. மெத்தியோனின் தன் மெத்தில் தொகுதியைத் தானமாகக் கொடுத்துக் கோலின் உருவாக உதவுகிறது என்று வின்சென்ட் டு விக்னோ அடுத்த சில ஆண்டுகளில் நிறுவினார். கோலின் இல்லாமல் கல்லீரல் கொழுப்பைப் பொட்டலம் கட்டி ரத்தத்துக்கு அனுப்ப முடியாது என்ற கடைசிக் கண்ணி, 1988-ல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் எலிக் கல்லீரல் செல்களைக் கொண்டு உறுதியானது.

மாட்டுக்குள் இந்த எண்ணம் நுழைந்தது 1968-ல். கீட்டோன்கள் பெருகும் கீட்டோசிஸ் நோயும் பாலில் கொழுப்புக் குறைவதும் மெத்தியோனின் சார்ந்த சிக்கலாக இருக்கலாம் என்ற கருத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். ஊகமாக வந்த கருத்து அது. புட்டிக்கு இடம் பெயர்ந்தபோது ஊகம் என்பது மட்டும் உதிர்ந்துவிட்டது. நாய்க்கும் எலிக்கும் இல்லாத ஒரு தடை மாட்டுக்கு உண்டு. அசைபோடும் பெரிய வயிறான ரூமெனில் வாழும் நுண்ணுயிரிகள், மாடு விழுங்கும் தனி மெத்தியோனினில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். கோலின் அநேகமாக முழுவதுமே அங்கே அழியும். கோழிக்குத் தூளாகத் தூவினால் போதும். மாட்டுக்கு ரூமெனைத் தாண்டுமாறு மேற்பூச்சுப் பூசியாக வேண்டும். 1967-ல் ஆஸ்திரேலியர்கள் ஆட்டு ரோமத்துக்காகப் புரதத்தை ஃபார்மலினால் பதப்படுத்திக் காப்பாற்றியதுதான் இந்தப் பாதுகாப்பு வழிக்குத் தொடக்கம். நம் நாட்டின் பைபாஸ் புரதத் தீவனமும் அந்த வழியில் வந்ததே.

பாதுகாத்துக் கொடுத்தால் கல்லீரல் கொழுப்பு குறைகிறதா? விஸ்கான்சினில் கிரம்மர் குழு இதை நேரடியாகவே சோதித்தது. தீவனத்தைக் குறைத்து மாட்டின் கல்லீரலில் வேண்டுமென்றே கொழுப்பு ஏற்றினார்கள். 1999-ல் மெத்தியோனினின் மாற்று வடிவத்தைக் கொடுத்தார்கள், அது தடுக்கவில்லை. 2007-ல் ரூமெனைத் தாண்டும் கோலினை நாளுக்கு 15 கிராம் கொடுத்தார்கள், அது தடுத்தது. கல்லீரல் கொழுப்புக்கு மருந்து என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ஆதாரம் கோலின் பக்கம்தான் கனமாக இருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹுவான் லூர் குழு 2016-ல் வெளியிட்ட சோதனையில், ஈனும் காலத்தில் பாதுகாத்த மெத்தியோனின் தின்ற மாடுகள் அதிகம் தின்றன, அதிகம் கறந்தன. கோலின் அந்த அளவுக்கு உதவவில்லை. கல்லீரல் செயல்பாட்டைக் காட்டும் ரத்த அளவீடுகளும் மெத்தியோனின் மாடுகளில் மேம்பட்டிருந்தன. இதை நான் ஏற்கிறேன். கல்லீரல் நலம் என்பது கொழுப்பின் அளவு மட்டுமே இல்லை. அழற்சியைத் தாங்குவதும் ரத்தப் புரதமான ஆல்புமினைத் தயாரிப்பதும் அதற்குள் அடக்கம். ஆனால் அந்தச் சோதனை, மற்ற சத்துகள் எல்லாம் கணக்காக நிறைந்த தீவனம் தின்று ஏராளமாகக் கறக்கும் ஹோல்ஸ்டீன் மாடுகளில் நடந்தது. 1976-ல் ஷ்வாப் குழு பால் உற்பத்திக்கு முதலில் குறையும் அமினோ அமிலங்கள் லைசினும் மெத்தியோனினும் என்று காட்டியபோதும், அந்த முடிவு ஆற்றல் பற்றாக்குறை இல்லாத நிலையை முன்வைத்தே நின்றது. அரைவயிறு தின்கிற மாட்டுக்கு அமினோ அமிலத்தை எடைபோட்டுக் கொடுப்பது, அரிசியே இல்லாத வீட்டில் ஊறுகாய்க்கு ரகம் பார்ப்பது போலாகும்.

கொல்லிமலைக்கே உரிய இன்னொரு வாதம் என்னைக் கொஞ்சம் தயங்க வைத்தது. மலையில் சாமையும் தினையும் சுருங்கி மரவள்ளி பரவியிருக்கிறது. அதன் இலையிலும் தோலிலும் சயனைடு தரும் பொருள் உண்டு. உடல் அந்த நஞ்சை முறிக்கக் கந்தகம் வேண்டும், அந்தக் கந்தகம் வருவது மெத்தியோனின், சிஸ்டின் போன்றவற்றிலிருந்து. அப்படியானால் மரவள்ளி தின்னும் மாட்டுக்கு மெத்தியோனின் கூடுதலாகத் தேவைப்படாதா? கோழிக்கும் பன்றிக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். மாட்டின் ரூமென் நுண்ணுயிரிகளோ, நஞ்சில் ஒரு பகுதியைத் தாமே முறிப்பதோடு, தாதுக் கந்தகத்திலிருந்து இந்த அமினோ அமிலங்களைத் தாமே கட்டிக்கொள்ளவும் வல்லவை. தாது உப்புக் கலவையில் வரும் மலிவான கந்தகமே அவற்றுக்குப் போதும். இலையை வெயிலில் நன்றாக உலர்த்திப் போட்டால் நஞ்சும் குறையும். பத்து லிட்டருக்குள் கறக்கும் மாட்டுக்கு, அந்த நுண்ணுயிரிகளின் உடலே குடலில் செரித்துத் தரும் புரதம் தரத்தில் குறைந்ததல்ல.

கெடுதல் இல்லையே, கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பணத்தைத்தான் காட்ட முடியும். அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடங்கள் வேறு. ஈனும் முன் மூன்று வாரமும் ஈன்ற பின் மூன்று வாரமும் மாட்டின் முன் நல்ல தீவனம் எப்போதும் இருக்க வேண்டும். சினை முற்றும்போது மாடு எலும்பு தெரியும்படியும் இருக்கக்கூடாது, கொழுத்தும் இருக்கக்கூடாது. அடர்தீவனத்தை ஈனுவதற்கு முன்பே சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். மாடு தீவனத்தை ஒதுக்கினால் அன்றே மருத்துவரிடம் காட்டிக் கீட்டோனுக்குச் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் இருபது லிட்டருக்கு மேல் கறக்கும் மாடு கொட்டிலில் இருந்தால், பாதுகாத்த கோலினையும் மெத்தியோனினையும் பற்றி யோசிப்பதில் பொருள் உண்டு. மற்றவர்கள் புட்டியை வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: இதிலிருப்பது ரூமெனைத் தாண்டிப் போகுமா? பதில் வரவில்லை என்றால் அந்தக் காசுக்குக் கடலைப் பிண்ணாக்கு வாங்கிப் போடுங்கள்.