சூடு ஆறிய குப்பை

மம்சாபுரம் பக்கம், தென்னந்தோப்பை ஒட்டிய ஐந்து சென்ட் நிலம். விடிந்தும் விடியாத வேளையில் மூன்று பெண்கள் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே உள்ள இந்தக் கிராமங்களில் குப்பை என்றால் கழிவு இல்லை. தொழுவத்துச் சாணமும் மாடு தின்று கழித்த கூளமும் மாதக்கணக்கில் குழியில் கிடந்து மக்கிய எரு அது. வேளாண் துறைக்காரர்கள் தொழு உரம் என்று எழுதுவார்கள். ஆனி முடியப்போகிறது, நாற்றங்காலில் கத்தரி நாற்று எழுந்துவிட்டது.

மூவரில் மூத்தவர் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் குவியலுக்குள் முழங்கை வரை கையை நுழைத்தார். “நீங்களும் விட்டுப் பாருங்க தம்பி. உள்ள சூடு இருந்தா இன்னும் வேகலைன்னு அர்த்தம்” என்றார்.

விட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. கையில் வந்த பிடி கருத்து, பொலபொலவென்று உதிர்ந்தது. எது சாணம், எது வைக்கோல் என்று பிரிக்க முடியவில்லை. சாண நாற்றமும் இல்லை; மண் வாசம்தான்.

அவர் கை சொல்லும் கணக்கு மிகச் சரியானது. குவியல் சூடாக இருந்தால் நுண்ணுயிர்கள் இன்னும் கூளத்தைத் தின்றுகொண்டிருக்கின்றன. அந்த நிலையிலேயே அதைப் பாத்தியில் போட்டால், தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை அவை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நட்ட நாற்று வெளுத்து நிற்கும். சாணத்தோடு வந்த களை விதைகள் முளைக்கும், கரையான் ஏறும். தென்னை சூழ்ந்த இந்த ஊர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடங்களில் குப்பைக்குழியும் ஒன்று. அள்ளும்போது கொழுத்த வெள்ளைப் புழு தென்பட்டால் பெண்கள் பொறுக்கி வரப்பில் எறிகிறார்கள். கோழிகள் கொத்திக்கொண்டு ஓடுகின்றன. குழியில் மெட்டாரைசியம் பூஞ்சையைக் கலந்தும் இந்தப் புழுவைக் கட்டுப்படுத்தலாம்.

இந்தப் பக்கம் கறவை மாட்டுக்குக் குறைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த இனிப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பாலோடு நிறுத்திவிடுகிறார்கள். பால் அடுப்புக்குப் போன பிறகு தொழுவத்தில் மிஞ்சுவதுதான் கத்தரிக்கும் வெண்டைக்கும் சோறு.

எவ்வளவு போட வேண்டும்? காய்கறிக்கு எக்டேருக்கு 25 டன் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு 10 டன், சென்ட்டுக்கு 100 கிலோ. இந்த ஐந்து சென்ட்டுக்கு அரை டன். கூடைக்கு 15 கிலோ என்று வைத்தாலும் முப்பது நடைக்கு மேல் ஆகிறது. டிராக்டர் வரப்போரத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு எல்லாம் தலைச்சுமைதான். ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் வெறுமையாகவும் விழாமல் கூடையை உதறி வீசுவதற்கு இடுப்பும் மணிக்கட்டும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். நான் வீசிய கூடை ஒரே குவியலாக விழுந்தது. இதற்குக் கொடுப்பது சாதாரணக் கூலி. தேர்ந்த கைவேலைக்கான கூலியாகவே கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாடு இல்லாதவர்கள் கோடையில் கிடை போடுகிறார்கள். அறுப்பு முடிந்த வயலில் இரவெல்லாம் செம்மறி ஆடுகளை அடைத்துவைப்பார்கள். மறுநாள் பட்டி அடுத்த இடத்துக்கு நகரும். புழுக்கையோடு மூத்திரமும் மண்ணில் இறங்குவதுதான் கிடையின் பலம். தாமதிக்காமல் உழுது மூடிவிட வேண்டும். வெயிலில் கிடந்தால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்ற பெயரிலேயே ஒரு குறுநாவல் எழுதினார். 2003-இல் அது ‘ஒருத்தி’ என்ற படமானது.

வெயில் ஏறுவதற்குள் எரு முழுவதும் செம்மண்ணில் பரவிவிட்டது. இளையவர்கள் இருவரும் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, வரப்பு அணைத்துப் பாத்தி கட்டினார்கள். மூத்தவர் வாய்க்காலைத் திறந்துவிட்டார். தண்ணீர் பாத்திக்குள் நுழைந்ததும் மண் குமிழியிட்டுக் குடித்தது.

“இன்னைக்கே நட்டுறலாமாம்மா?” என்று கேட்டேன்.

“மண்ணும் குப்பையும் ஒண்ணுக்கொண்ணு பழகணும்ல. பதினெட்டாம் பெருக்கு முடியட்டும் தம்பி” என்றவர், பம்புசெட் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பினார்.